காதுக்குப் பின்னால்

இறந்தவனின் சட்டை எனக்குத் தோளில் கொஞ்சம் இறுக்கம்.
மற்றதெல்லாம் பொருந்தியது.
பதிவு அட்டையிலிருந்த போட்டோவில்
முகத்தின் பாதியை எலி தின்றிருந்தது.
அந்த எலி நன்றாயிருக்கட்டும்.

ரங்கூன், அறுபத்துநான்கு.
மொகல் தெருவில் கடை கடையாக அரக்கு முத்திரை வைத்துக்கொண்டு வந்தவர்கள்
எங்கள் நாடகக் கொட்டகைக்கும் ஒன்று வைத்தார்கள்.
உள்ளே மாட்டிக்கொண்டது
நான் மூன்று ராணிகளாக இருந்த சவுரிமுடி.
அட்டை இல்லாதவனுக்குக் கப்பல் இல்லை.

நூறு கியாட் நோட்டு செல்லாதென்று ஆன மறுவாரம்
பத்துப் பத்தாக எண்ணிக் கொடுத்து வாங்கினேன்,
அல்லோன் மர ஆலையில் காய்ச்சலில் போன
தெய்வசிகாமணியை.

பதினேழு நாள் ஒத்திகை.
இடது காலை இழுத்து நடப்பானாம், இழுத்தேன்.
வெற்றிலையை வலது கடைவாயில் அடக்குவானாம், அடக்கினேன்.
சிரித்தால் மூக்கைத் தொடுவானாம்.
தூக்கத்திலும் தொடுகிறாய் என்றான்
பக்கத்துப் பாய்க்காரன்.

அவனுக்குப் பெண்டாட்டி இருந்ததை
யாரும் சொல்லவில்லை.

அதிகாரி ஊ தின் மௌங்
அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு உள்ளறைக் கதவைத் திறந்தார்.
கன்னத்தில் தனக்கா, கண்ணில் புது மை.
தையல்நாயகி என்று பெயர் சொன்னாள்.

"உன் புருஷனா?"

மேடையில் வசனம் மறந்தால்
ஆர்மோனியக்காரர் ஒரு சுற்று கூடுதலாக வாசிப்பார்,
அதற்குள் பிடித்துக்கொள்ளலாம்.
இங்கே மின்விசிறி மட்டும்.
நான் மூக்கைத் தொட்டேன்.

"அவர்தான்."

"அட்டையில் இல்லாத அடையாளம் ஏதாவது?"

கண்ணைக் கசக்கி அழுதாள்.
ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.
"இடது காதுக்குப் பின்னால் மச்சம், ஐயா."

எனக்கு அங்கே ஒன்றும் கிடையாது.
அவர் என் காதை மடக்கிப் பார்த்தார்.
முத்திரை விழுந்தது.

வாசலில் அவள் விரலைப் புடவையில் துடைத்தாள். கரி.
"ஜோடியாகப் போனால் சுலபம்" என்றாள்.
"காலை இழுக்காதே. அது முன்னால் வந்தவன் சேர்த்துக்கொண்டது."

"முன்னால் வந்தவனா?"

"செத்தானே, அவன்.
அவனும் முதல் நாள் இப்படித்தான் நடுங்கினான்."

"மூக்கைத் தொடுவது?"

"அது எங்கள் வீட்டுக்காரருடையது."

அவர் எங்கே என்று கேட்டேன்.
ஆற்றில் படகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறைமுகக் கொட்டகையில் மூன்று இரவு.
கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.
குடித்தேன், குடிக்கிற வேஷமில்லை, பசி.
சோப்பு போட்டுத் தேய்த்தேன், பிறகு எண்ணெய், பிறகு சாம்பல்.
நாவிதனிடம் இரண்டு கண்ணாடி இரவல் வாங்கி
ஒன்றுக்குள் ஒன்றைக் காட்டிப் பார்த்தேன்.
மச்சம் இருந்தது.
அதில் ஒரு முடியும் இருந்தது.

மூன்றாம் இரவு, விளக்கு அணைந்த பிறகு
என் முதுகுக்குப் பின்னால் அவள் குரல்:
"பக்கிரிசாமி."

அந்தப் பெயரை நான் அவளிடம் சொன்னதில்லை.
ரங்கூனில் யாரிடமும் சொன்னதில்லை,
கொட்டகையில்கூட எனக்கு வேறு பெயர்.

நான் திரும்பவில்லை.
அடக்கிக்கொண்டேனா,
வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று
படுத்திருந்துவிட்டேனா,
இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

"சரி" என்றாள்.
புரண்டு படுத்துத் தூங்கிப்போனாள்.

கும்மிருட்டு.
என் விரல் மூக்கின்மேல் இருந்தது.
அப்படியென்றால்
சிரித்திருக்கிறேன்.