அசல் நிற்கிறது

பள்ளத்தூரில் ஒரு வீட்டைப் பங்கு வைக்கிறார்கள்.
முப்பத்தொரு புள்ளி, முப்பத்தொரு பூட்டு.
காரைக்குடிக் கடையிலிருந்து
சாமான் பட்டியல் எழுத வந்தவள் நான்.
நாள் கூலி எண்ணூறு, பஸ் காசு தனி.

அண்டாக்களுக்குச் சீட்டுப் போட்டாயிற்று.
எனாமல் தூக்கு ஒன்றால்
இரண்டு மருமகள்களுக்குள் பேச்சு நின்றுபோயிற்று.
இதை மட்டும் யாரும் கேட்கவில்லை:
இரண்டாங்கட்டில், உமி மூட்டைக்குப் பின்னால்
முகத்தைச் சுவருக்குக் கொடுத்து நின்ற படம்.

திருப்பினேன்.
சாம்பல் கட்டம் ஒன்று,
நேராக நிற்க மனமில்லாமல்.
அதை அறுத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கோடு,
சட்டம் வந்தும் நிற்காமல்
பேச்சின் நடுவே எழுந்து போனவர்போல் போய்விட்டது.
ஓரத்தில் மிளகாய் விதையளவு சிவப்பு.
அவ்வளவுதான்.
தாமரை இல்லை, யானை இல்லை,
ஒரு மூக்குகூட இல்லை.

"பிள்ளைக கிறுக்குனதா இருக்கும்,
தள்ளி வையிங்க" என்றார்
பதினேழாவது புள்ளி சோலையப்பன்.

மரப்பெட்டியில் பேரேடு இருந்தது.
ரௌத்திரி வருஷம், ஆவணி, சைகோன் கடை.
பெட்டியடியில் இருந்த அடுத்தாள் எழுதியிருக்கிறார்:
'சித்திரம் எழுதும் துரைசாணி மர்சான் வகையில்
வட்டிக்கு வரவு படம் ஒன்று.
உருவம் இல்லை.
அசல் நிற்கிறது.'

எனக்குப் படம் தெரியாது.
பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு, பிறகு டேலி.
தூசி துடைக்கும்போது
கட்டைவிரல் தற்செயலாய்ச் சிவப்பை மறைத்தது.
கட்டம் சரிந்தது.
உண்மையாகவே, தாங்கிப் பிடிக்க
மற்றொரு கை நீண்டது.
விரலை எடுத்தேன். நின்றது.
மறைத்தேன், சரிந்தது.
எத்தனை தடவை என்று பட்டியலில் எழுதவில்லை.

வட்டி கட்ட வழியில்லாதவள்,
அடுத்தாளிடம் தவணை கேட்கக் கிளம்புமுன்
இந்த ஒன்றை வைத்தாளோ என்னவோ.
அரை விரற்கடை தள்ளியிருந்தால் எல்லாம் விழுந்திருக்கும்.
கடன்காரியின் கை அன்றைக்கு நடுங்கவில்லை.

பின்பக்கம் பார்த்தேன்.
நாலு விளிம்பிலும் கொக்கி.
ஒன்று பித்தளை,
ஒன்று துருவேறி மாவாகிறது,
ஒன்றில் பட்டுநூல் முடிச்சு,
ஒன்றில் மின்சார ஒயர்.
யாரோ இதைத் தலைகீழாய் மாட்டியிருக்கிறார்கள்.
பிறகு இடம் சாய்த்து,
பிறகு வலம்.
ஒரே ஆளா, நாலு பேரா?
ஒரு கொக்கிக்கும் அடுத்ததற்கும் நடுவில்
எத்தனை வருஷம், எத்தனை இரவுச் சாப்பாடு
இதற்கு எதிரே உட்கார்ந்து?
இந்த வீட்டில் ஒருவர்
யாரிடமும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இதை எந்தப் புள்ளி கணக்குல சேக்கிறது?"
சோலையப்பன் மறுபடி வந்தார்.
சிவப்பைக் காட்டினேன்.
சிரிக்கவில்லை அவர்.
குனிந்து பார்த்து, கண்ணாடியைக் கழற்றி,
கண்ணாடி போட்டு,
"நேரா வையிங்க" என்றார்.
எது நேர் என்று கேட்டேன்.
கழுத்தைச் சாய்த்தார். பதில் வரவில்லை.

வரிசை எண் இருநூற்றுப் பதினாலு:
படம் ஒன்று, கொக்கி நாலு.
விலைக்கான கட்டத்தில்
அடுத்தாளின் கடைசி வரியையே எழுதினேன்.

ஐந்து நாற்பது பஸ் போய்விட்டது.
முகம் வெளியே தெரிய
உமி மூட்டைமேல் சாய்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.
எந்தப் பக்கம் மேலே என்று
கடை முதலாளி போன் போட்டுக் கேட்கிறார்.
நாளைக்குப் போய்
இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.