ஹோன் அடுத்த மாதம்

உவர்மலை ஏற்றத்தில்தான் தெரியவரும்
இந்த மாதம் என்ன செலவென்று.
பெயரிலேயே உப்பு வைத்திருக்கும் மலை.
இரண்டாம் கியரில் ஒரு முனகல்:
கிளச் பிளேட், நாலாயிரத்து ஐந்நூறு.
பொறுக்கும்.
நான் முன்னுக்குச் சாய்ந்து
ஓட்டோவோடு சேர்ந்து
கொஞ்சம் ஏறிக் கொடுக்கிறேன்.

லீசிங்காரனுக்கு ஐந்தாம் திகதி
பதினெட்டாயிரம் போய்விடும்.
அவனுடைய கணக்கு மட்டும் தேய்வதேயில்லை.
பெற்றோல் தன் பங்கை முதலே குடித்துவிடும்.
மிஞ்சியது பால்மாப் பேணிக்குள்.
மூடி திறக்கத் தேவையில்லை,
ஆட்டிப் பார்த்தால் போதும்.
சத்தம் கேட்டால்
தாள் இல்லை என்று அர்த்தம்.

லாபிர் பாஸ் வண்டிக்கடியில் படுத்தபடிதான் பேசுவார்.
எனக்குப் பழக்கம் அவருடைய கால்களோடு.
"சைலன்சர் ஓட்டை தங்கச்சி.
பெயரிங் அழுகுது.
ஹோன் வயர் உக்கிப் போச்சு.
கீழ்த்தகடு, கடற்காத்து தின்ட மிச்சம்."
"எது இல்லாட்டிச் சாகமாட்டம் பாஸ்?"
கால்கள் கொஞ்சநேரம் யோசித்தன.
"ஹோன்."

பிரேக்கைப் பற்றி நான் யாரிடமும் கேட்பதில்லை.
பஸ் நிலையத்தடியில் புள்ளிமான்கள்
கடதாசி மென்றபடி தெருவைக் கடக்கும்;
என் பேணியைப் பற்றி
அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.
ஆகவே பிரேக் சூ முதல் வரியில்,
சிவப்பு மையில்.
மற்றதெல்லாம் பென்சில்.
அழித்து அழித்துத் தாளே தேய்ந்து
பின்பக்கத்து மார்ச் மாதம் தெரிகிறது.

தேய்மானம்
கடன் கேட்க வந்த சொந்தக்காரன் மாதிரி.
செருப்பைக் கழற்றும், தேத்தண்ணி குடிக்கும்,
மழையைப் பற்றிப் பேசும்,
எழும்பிப் போகும்போதுதான்
தொகையைச் சொல்லும்.

தினமும் நல்ல தண்ணியால் கழுவென்கிறார்கள்.
எங்கள் கிணறும் உப்பு.
முன் ரயரைப் பின்னுக்கும்
பின்னதை ஸ்டெப்னிக்கும்
ஸ்டெப்னியை முன்னுக்கும் மாற்றி
மூன்று மாதம் சம்பாதித்தேன்.
அப்படிச் சம்பாதித்ததை
எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஓகஸ்டில் நிலாவெளிக்கு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம்,
மூன்று நாள் ஹயர்.
பேணி சத்தமில்லாமல் ஆடியது.
சைலன்சரும் பெயரிங்கும் ஒரே நாளில்!
திரும்பி வரும்போது
வேறு யாருடையதோ வண்டியைக்
களவாய் ஓட்டுகிற மாதிரி இருந்தது.

பள்ளி தொடங்கிய திங்கட்கிழமை.
மனையாவெளி ஒழுங்கையில்
முதல் படலையில் யாருமில்லை.
இரண்டாவதிலும் இல்லை.
பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஒரு காகமும் நானும்.
வருணிகாவின் தாய் சீப்போடு ஓடி வந்தாள்:
"ஐயோ, எப்ப வந்தனீங்கள்?"
நான் பாலத்தடியில் திரும்பும்போதுதான்
அங்கே சொக்ஸ் போடத் தொடங்குவார்களாம்.
கடையடியில் வந்தால்
அடுத்த வீட்டில் இடியப்பத்தின் கடைசி வாய்.
மூன்றாம் வீட்டு அபினக்சன்
பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான்.
"அன்ரி, உங்கட ஓட்டோவுக்குத்
தொண்டை கட்டிட்டுதா?"

ஐந்து வீட்டு மணிக்கூட்டை
பன்னிரண்டாயிரம் கொடுத்து
நிப்பாட்டி வைத்திருக்கிறேன்.

அன்றிரவு பென்சிலை எடுத்தேன்.
ஹோன், இரண்டாயிரத்து இருநூறு,
கடைசியிலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏறியது.
இரண்டில் கிளச் பிளேட்.
அது மலையைக் காட்டிப் பயமுறுத்துகிறது,
விட்டுக்கொடுக்காது.
ஒன்றில் எப்போதும் மான்கள்.

அதுவரைக்கும்
ஒவ்வொரு படலையிலும் நிறுத்தி
நானே கத்துகிறேன்.
வருணிகா! அபினக்சன்! சப்றின், ஓடி வா!
நாய்கள் பழகிவிட்டன.
காசில்லாத ஹோன் என்றுதான் நினைத்தேன்.
வியாழக்கிழமை குரல் கம்மியது.

கொத்தமல்லி, நூறு கிராம்.
அதையும் எழுதினேன்,
பென்சிலால்.