காரணம்: கட்டாயம்

பிரிக்கத் தொடங்கிப் பதினான்கு மாதம்.
ஒரே கோப்பில் ஒன்பதாயிரம் வரி.
ஆர்ச்சர்டில் ஒரு நொடியை நகர்த்தினால்
அப்பர் தாம்சனில் ஏதோவொரு விளக்கு
மஞ்சளில் விக்கி நிற்கும்.
"இங்கே எல்லாரும் எல்லாரையும்
தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்பார் ரித்வான்.
மாறிகளைத்தான் சொல்கிறார்.

புதியதில் அப்படி இல்லை.
சந்திப்புக்கு ஒரு சிறு நிரல்,
தனக்கென்று ஒரு கதவு.
பக்கத்தில் ஏதும் வேண்டுமென்றால்
செய்தி அனுப்பிக் கேட்கவேண்டும்.
"வீவக வீடு மாதிரி" என்றாள் சியூ ஹோங்.
பெருமையா குறையா என்று
அவள் முகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
அது இருந்தது:
பாலஸ்டியர் சாலையில் ஒரு கடப்பு,
வியாழக்கிழமை மட்டும்,
இரண்டு மணியிலிருந்து நான்கு வரை
பச்சை மனிதனுக்கு
நான்கு நொடி கூடுதல்.
தலைக்குமேல் மலாயில் ஒரு குறிப்பு,
ஜாங்கான் காச்சாவ்.
சீண்டாதே.
எழுதியவர் பெயர் இல்லை.
ஆண்டு மட்டும், இரண்டு இலக்கத்தில்: 88.

நீக்கிவிடலாம் என்று முடிவானது,
மூன்று நிமிடத்தில்,
அடுத்த வரிக்குப் போனோம்.

அந்த வியாழன் அரைநாள் விடுப்பு.
வெயில் தார்ச்சாலையில் எண்ணெய்போல் நெளிந்தது.
கடப்பின் அந்தப் பக்கம்
முழு வரிசைக்கும் தகரவேலி,
உள்ளே பாரந்தூக்கி.
கோப்பிக் கடையில் கேட்டேன்.
முன்பு விளக்குக் கடை என்றார் ஒருவர்,
இல்லை, பல் மருத்துவர் என்றார்
அவருக்குத் தேநீர் ஊற்றிய பெண்.
வியாழக்கிழமையைப் பற்றி
இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பச்சை விழுந்தது.
சைக்கிளைத் தள்ளியபடி
உணவு விநியோகிக்கும் பையன் ஒருவன்,
குடைக்குள் இரு பெண்கள்,
பிறகு நான்.
எல்லாரும் கரையேறிய பின்னும்
எண் ஓடிக்கொண்டிருந்தது:
நான்கு,
மூன்று.
டாக்சிக்காரர் ஸ்டியரிங்கில் தாளமிட்டார்.
இரண்டு.
யாருக்கென்றே தெரியாமல்
பதினொரு வண்டிகள் பொறுத்திருந்தன.
முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக
இப்படித்தான் பொறுத்திருக்கின்றன.
ஒன்று.
ஒரு மைனா நடந்தே வந்துசேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை
நீக்கியதைத் திரும்பச் சேர்க்க உட்கார்ந்தேன்.
பழையது எதையும் கேட்காது.
சொன்னதைச் செய்யும், சொன்னவரை மறக்கும்.
புதியது கேட்கிறது:
காரணம். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது.
(நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கியவளே நான்தான்,
சென்ற மார்ச் மாதக் கூட்டத்தில்,
குரலை உயர்த்தி.)

ஆங்கிலத்தில் அடித்தேன், அன்நோன்.
ஏழு எழுத்து.
குறைந்தது பத்து வேண்டும் என்றது.

தமிழுக்கு மாற்றி அடித்தேன்:
தெரியவில்லை.
நம் கணக்கில் ஆறே எழுத்து.
கணினிக்கோ கொம்பு தனி, விசிறி தனி,
புள்ளியும் தனி.
பதினொன்று என்று எண்ணி
ஏற்றுக்கொண்டது.

ஞாயிறு அதிகாலை மூன்றரைக்கு
சந்திப்பு சந்திப்பாகக் கைமாறின.
ஜூரோங், புக்கிட் மேரா, செங்காங்.
யாரும் கைதட்டவில்லை.
சியூ ஹோங் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.
ரித்வான் பழைய சர்வரை நிறுத்தியபோது
அதன் விசிறி சுற்றிச் சுற்றி ஓய
அவ்வளவு நேரம் எடுத்தது;
அதுவரை
அப்படியொரு சத்தம் இருந்ததே தெரியாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை
ஒவ்வொரு விதிக்கும் ஒரு கேள்வி வரும்.
எனக்கு இன்று வந்தது.

பாலஸ்டியர், வியாழன், நான்கு நொடி.
காரணம்: தெரியவில்லை.
இந்தக் காரணம் இன்னும் செல்லுமா?

செல்லும் என்று அழுத்தினேன்.