கால் டப்பா பச்சை

பதினோராம் நாள்.
மாங்காய் மண்டி வளைவில் பைக் சறுக்கிய காலை
முக்காலியில் ஏற்றிவைத்து உட்கார்ந்தால்
எதிரே அதுதான்:
குப்பை டின்.
ஒரு காலத்தில் கடலை எண்ணெய் வந்த பதினைந்து கிலோ தகரம்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குக் கிளம்பும்போது பிரமிளா
"எதையாவது இழுத்துப் போட்டுக்காதே" என்றாள்.
இழுக்கவில்லை.
ஊன்றுகோலால் தள்ளிக்கொண்டு வந்தேன்.

உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க
துரு மிளகாய்த்தூளாய் மடியில் கொட்டியது.
அதனடியில் நீலம்.
நீலத்தின் அடியில், கல்யாணமான வருஷம்
யாரையும் கேட்காமல் அவள் அடித்த ரோஸ்.
அதற்கும் கீழே
பாதி நிலக்கடலையும்
'சுத்தமான' என்ற ஒரு சொல்லும்.
எது சுத்தமானது என்பது உரிந்து போயிருந்தது.
விளிம்புவரை தேய்க்கக் கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

கேட்டுக்கு அடித்ததில் மிச்சம்
கால் டப்பா பச்சை.
மூடியைச் சாவியால் நெம்பினால்
பாலாடை மாதிரி தோல் கட்டிக் கிடந்தது.
கிழித்தேன். உள்ளே இன்னும் ஈரம்.

சத்துவாச்சாரி வெயிலை பிரஷ்ஷால் முந்த முடியுமா?
இந்தப் பக்கம் இழுப்பதற்குள் அந்தப் பக்கம் காய்ந்தது.
மலை வேறு பின்னாலிருந்து அனலடித்தது.
மாவுக்கட்டில் மூன்று சொட்டு.
டாக்டர் கேட்டால் என்ன சொல்ல?

சாயங்காலம் வந்தவள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.
"நம்ம கேட்டு குட்டி போட்டாப்ல இருக்கு."
ராத்திரி
முள்கத்தரிக்காய்க் காம்புகளைத் தினத்தாளில் மடித்து
டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
உள்ளே அல்ல.
நானும் தீர்ந்த மாத்திரை அட்டையை
ஜன்னல் கம்பியில் செருகினேன்.

காலையில் விசில்.
அவசரமாய் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி
நொண்டிக்கொண்டே நீட்டினேன்.
பேட்டரி வண்டி வசுமதி
தினமும் மூன்று தட்டு தட்டிக் கொட்டுகிறவள்,
டின்னிலிருந்த பள்ளமெல்லாம் அவள் கணக்கு.
இன்று கையை உள்ளே விட்டு வழித்தாள்.
"பெயின்டு போயிடும் சார்."
காம்பு முள் உறையைத் தாண்டிக் குத்தியது போல.
விரலை உதறினாள்.

"தட்டுங்க."
நின்றாள்.
"எப்பவும் போல தட்டுங்கம்மா."

டொம்.
டொம்.
மூன்றாவதில் விளிம்போரம்
பூசணி விதையளவு பச்சை தெறித்து
ரோஸ் தெரிந்தது.

வாங்கிக்கொண்டேன்.
அடிப்பக்கம் இன்னும் காயவில்லை,
உள்ளங்கையில் ஒட்டியது.