கட்டைவிரல் அளவு

பாகாவில் மழை பிடித்தால்
இணையம் ஒற்றைக் கோடாகச் சுருங்கும்.
செம்பனை ஆலையின் எடைமேடையில்
லோரிக்கும் லோரிக்கும் நடுவே
டென்மார்க்கில் நாற்காலி விற்பவனின் பக்கத்தைத்
திறந்துவைத்திருப்பேன்.
ஒரே நாற்காலி. சுற்றிலும் வெள்ளை.
அவ்வளவு வெள்ளைக்கு
யார் காசு கொடுத்தார்கள் என்றுதான்
முதலில் தோன்றியது.

தையல் பிரிப்பதுபோல் நிரலைப் பிரித்தேன்:
இடைவெளி தொண்ணூற்றாறு, எழுத்து பதினெட்டு.
அப்படியே எடுத்துத்
தனபாலன் டயர் கடைக்குப் போட்டேன்.
ஒரே டயர். சுற்றிலும் வெள்ளை.

"கடையக் காலி பண்ணிட்டேன்னு
நெனைப்பாங்க லா" என்றார்.
கிரீஸ் விரலால் 'அழைக்க' என்பதை அழுத்தினார்.
வரைபடம் திறந்தது.
மறுபடி அழுத்தினார்.
மறுபடி வரைபடம்.

பாடக் காணொளிகளில்
எல்லார் கையும் சுத்தம்.

அவர் கட்டைவிரலை
எடைச் சீட்டின் பின்பக்கம் ஒற்றி வாங்கிவந்தேன்.
கைப்பேசித் திரையோரம் அதை வைத்துப்
பொத்தானை ஏற்றிக்கொண்டே போனேன்,
நாற்பத்து நான்கு, ஐம்பது,
கறுப்பு ரேகையைத் தாண்டி
அறுபத்திரண்டில் நின்றது.

டயர்களெல்லாம் திரும்பி வந்துவிட்டன,
விலையோடு.
வெள்ளையில் கொஞ்சம் மட்டும்
எண்ணைச் சுற்றி விட்டிருக்கிறேன்,
ரொம்பின் சாலை இருட்டில்
பஞ்சராகி நிற்பவனின்
நடுங்கும் விரலுக்கு.