கால் நகர்ந்தது

படத்தில் நாங்கள் ஜெயிக்கிறோம்.
கடைசி நொடி. மழை.
வளையத்தின் விளிம்பில் ஒருமுறை சுற்றிப்
பந்து உள்ளே விழுகிறது.

அன்றைக்கு மழையே இல்லை.
முப்பத்தொன்றுக்கு நாலு.
நாலு எங்களுடையது.

பத்தொன்பது பிள்ளைகள் படித்த பள்ளி.
அதில் பெண்கள் ஏழு பேர்.
வலைப்பந்துக்கும் ஏழு பேர்.
"கணக்குச் சரியா வருது" என்றார் தவமலர் டீச்சர்.
அவர் கணக்கு டீச்சர்.
சுங்கை லிமாவ் தோட்டத்துக்கு ஒரு குழு உண்டானது
அந்த ஒரே காரணத்தால்தான்.

டீச்சர் அதுவரை பந்தைத் தொட்டதில்லை.
இலாகா அனுப்பிய விதிப் புத்தகத்தை விரித்துக்கொண்டு
செம்பனை லோரிகள் கிளப்பிய புழுதியில் நின்று
மலாயில் ஒருமுறை தமிழில் ஒருமுறை
சத்தமாக வாசிப்பார்:
பந்து கையில் இருக்கும்போது நடக்கக் கூடாது.
மூன்று நொடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

"நடக்காம எப்படி டீச்சர் ஜெயிக்கிறது?"
கோமளேஸ்வரிதான் கேட்டாள்.
டீச்சர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார்.
"அது இதுல போடல.
நீ பந்த யாருக்காச்சும் குடு."

படத்து டீச்சர் நன்றாகப் பேசுகிறார்.
மானேஜர் பங்களா வாசலில்
நாலு நிமிடம், பின்னால் வயலின்.
எங்கள் டீச்சர் போட்டி நாளில் பேசியது
வேனுக்குள் ஒரே வாக்கியம்:
"வாந்தி வர்றவங்க ஜன்னல் பக்கம் வாங்க."

போன வருடம் படக்குழு வந்தது.
கூட்டத்தில் உட்கார ஆள் வேண்டுமாம்,
நாளுக்கு அறுபது வெள்ளி, மத்தியானம் நாசி லெமாக்.
ஏழு பேரில் ஐந்து பேர் போனோம்.
அம்மாக்களாக உட்காரவைத்தார்கள்.
முகத்துக்குக் கொஞ்சம் கறுப்பு பூசி
கழுத்தில் வெயில் தழும்பு வரைந்து
"உங்க பொண்ணுங்க ஜெயிச்சிட்டாங்க, அழுங்க" என்றார்கள்.

அன்றைக்கு எந்த அம்மாவும் வரவில்லை.
சனிக்கிழமை. உதிரிப்பழம் பொறுக்கினால் கோணிக்குக் காசு.
என் அம்மா ஒன்பது கோணி.
சாயங்காலம் என்னிடம் ஸ்கோர் கேட்டாள்,
நாலு என்றேன்.
எதிராளிக்கு எவ்வளவென்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

முதல் டேக்கிலேயே அழுதுவிட்டேன்.
"சூப்பர்கா, அப்படியே இன்னொருதரம்" என்றார் டைரக்டர்.
இன்னொருதரம் வரவில்லை.
கண்ணுக்கு ஏதோ மருந்து போட்டார்கள்.

டவுனில் படம் வந்த முதல் ஞாயிறு
டீச்சரையும் கூட்டிப் போனோம்.
முட்டிவலி, ஓரத்து இருக்கை,
மடியில் கச்சாங் பொட்டலம்.
கடைசிக் காட்சி.
மழை கொட்டுகிறது, அந்தப் பெண் பந்தோடு வருகிறாள்,
மெதுவாக, இன்னும் மெதுவாக,
தியேட்டரே எழுந்து நிற்கிறது.

இருட்டில் டீச்சர் குரல்:
"கால் நகர்ந்துருச்சு."

பின்னால் யாரோ உஷ் என்றார்கள்.

"மூணு அடி. நல்லா எண்ணுனேன்.
அது கோல் இல்ல."

ரேணுகாதேவிக்கு முதலில் சிரிப்பு வந்தது.
அப்புறம் எனக்கு.
அம்மாக்கள் ஐந்து பேர் திரையில் அழுதுகொண்டிருக்க
அதே ஐந்து பேர் இங்கே
வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில்
யோகமலர் கேட்டாள்,
"நம்ம நாலாவது கோல் ஞாபகம் இருக்கா டீச்சர்?"
"ஏன் இல்லாம?
கோமளம் புடிச்சா. உனக்குக் குடுத்தா.
நீ இவளுக்கு, இவ ரேணுகாவுக்கு.
ஒருத்தரும் ரெண்டு நொடிக்கு மேல வச்சிருக்கல."
விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.
"அது கோல்."

கச்சாங் பொட்டலம் கைமாறிக் கைமாறி வந்தது.
என்னிடம் வந்தபோது
அடியில் உப்புதான் இருந்தது.