எத்தனை பொயின்ட்ஸ், மிஸ்?

முதல் வாரத்தில் நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.
மண்டபத்தில் நூற்றுச் சொச்சம் பேர்,
ஒருவரும் சிரிக்கவில்லை.
எல்லாருக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது.

நுஸ்கியா மிஸ் மார்க்கரை மூடினார்.
"உங்களுக்கு எத்தனை தெரியுதோ, அத்தனை."
அதையும் கொப்பியில் எழுதி
அடியில் கோடிட்டேன்.

இறக்காமத்தில் பாடசாலை மணி
குளக்கட்டு வரைக்கும் கேட்கும்.
மணி அடித்தால் புவியியல், மணி அடித்தால் இஸ்லாம்,
மணி அடித்தால் பசி.
மஹ்ரூப் சேர் சொல்லச் சொல்ல எழுதுவோம்,
காற்புள்ளியையும் சேர்த்தே சொல்லுவார்.
கடலரிப்புக்கான காரணங்கள் ஐந்து.
கடல் எங்கள் ஊருக்கு இரண்டு பஸ் தூரம்.
காலை நனைக்காமலே ஐந்தையும் பாடமாக்கினேன்,
ஐந்துக்கும் சிவப்பில் சரி விழுந்தது.

ஒலுவிலில் மணி இல்லை.
எட்டு மணி விரிவுரைக்கு எட்டரைக்கு வருகிறவனை
யாரும் முழங்காலில் நிறுத்துவதில்லை.
அவன் பெயருக்கு நேரே ஒரு கட்டம் காலியாய்க் கிடக்கும்,
எண்பது வீதத்துக்குக் கீழே போகும்போதுதான்
அது வாய் திறக்கும்.
பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
மூன்று மணித்தியாலம் சும்மா கிடந்தது.
யாரிடம் கேட்டு அதற்குள் உட்காருவது?
முதல் மாதம் முழுக்க
கென்டீன் வாசலில் பையை மாட்டியபடியே நின்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடற்கரைக்கு அனுப்பினார்கள்.
ஒரு அளவு நாடா, இரண்டு கம்பு, மூன்று பேர்:
நான், தம்பிலுவில் வினோஜிதா,
தமிழில் "தண்ணி", "போதும்" மட்டும் தெரிந்த
மொனராகலை ஹிருணி.
வேர் வெளியே தெரிய விழுந்து கிடந்த தென்னையிலிருந்து
தண்ணீர் வரை இழுத்தோம்.
வலை பொத்திக்கொண்டிருந்தவர் கேட்டார்:
"என்ன புள்ளைகள், கடலுக்குச் சட்டை தைக்கவா?"

பதினொன்று தசம் ஆறு மீற்றர்.
போன வருடத்து மாணவர்களின் கொப்பியில்
பதினான்கு தசம் இரண்டு.
அதே தென்னை,
அப்போது நின்றுகொண்டிருந்ததாம்.

"எது சரி, மிஸ்?"
"தெரியாது."

பதின்மூன்று வருடத்தில்
கரும்பலகைக்கு முன்னால் நின்ற யாரும்
அந்தச் சொல்லை என்னிடம் சொன்னதில்லை.
நாங்கள் சொல்லியிருக்கிறோம்.
அதற்குப் பிரம்பு இருந்தது.
மிஸ் அதைச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல
சப்பாத்துக்குள் போன மண்ணைத் தட்டினார்.
"எத்தனை மணிக்கு அளந்தாங்க எண்டு எழுதியிருக்கா?
தண்ணி ஏறுற நேரமா, இறங்குற நேரமா?"

எழுதியிருக்கவில்லை.
நாங்களும் எழுதியிருக்கவில்லை.
மறுபடி இழுத்தோம். மூன்று இருபது.
பன்னிரண்டு தசம் ஒன்று.
"போதும்" என்றாள் ஹிருணி.
போதவில்லை.

பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்,
ஐந்து காரணங்களும் வரிசையாக,
காற்புள்ளிகள் இருந்த இடத்தில் இருக்க.
திரும்பி வந்த தாளில் சிவப்பே இல்லை.
மூன்றாவதன் பக்கத்தில் பென்சிலால், மெல்லிசாக:
எப்படித் தெரியும்?

அதை நான் அழிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.
விடுதிக் கட்டிலில் இருந்துகொண்டு அழிறப்பரால் தேய்த்தேன்.
எழுத்துப் போனது,
அமுக்கிய தடம் கிடந்தது.
விரலுக்குத் தெரிகிறது இன்னும்.

வெள்ளிக்கிழமை வீட்டில்
தம்பி சஜாத் புத்தகத்தை நீட்டினான்:
"கேளு ராத்தா, ஓ.எல். வருது."
சொன்னான், ஐந்தும்,
மஹ்ரூப் சேர் மூச்சு விடும் இடங்களில் மூச்சு விட்டு.
மூன்றாவதில் என் வாய் திறந்தது.
அவன் நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
"பிழையா?"
"சரி. சொல்லு."
"எத்தனை சரி?"
"ஐந்தும்."

பிறகு என் பையைக் கிண்டினான்.
திருப்பிக் கொடுக்க மறந்த அளவு நாடாவை
வாசல் வரைக்கும் இழுத்து விட,
சுருளுக்குள் இருந்த மணல்
அவன் கொப்பிமேல் கொட்டியது.

"இது எங்கத்த மண்?"

"ஒலுவில்" என்றேன்.
"செவ்வாய்க்கிழமை.
மூன்று இருபதுக்கு."